புனித ரோக்கு சாலையைக் கடந்த வரலாறு

மனித குலம் முதலில் நான்கு காலில் தவழ்ந்தது. பிறகு இரண்டு காலில் நிமிர்ந்தது. கடைசியில் நான்கு சக்கரத்தில் உட்கார்ந்தது. இந்த மூன்றாம் கட்டத்தை முழுமையாக எட்டிய ஒரே நாடு எங்கள் மால்டா என்பதை அடக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். மற்ற நாடுகளில் இன்னும் அங்கங்கே சிலர் நடக்கிறார்கள் என்று கேள்வி. பெரிய நாடுகள், திருந்த நாளாகும். எங்கள் தீவு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இருபத்தேழு கிலோமீட்டர்தான். அதனால் முன்னேற்றம் சீக்கிரமே எல்லா ஊருக்கும் வந்து சேர்ந்துவிட்டது. வந்த முன்னேற்றம் திரும்பிப் போக வழியில்லாமல் காலை ஏழரை மணியிலிருந்து நெரிசலில் நிற்கிறது.

எங்கள் மக்களின் பக்குவத்தை நீங்கள் பார்க்க வேண்டும். பாலாடைக்கட்டி அடைத்த பஸ்டிட்சி பலகாரம் இரண்டு வாங்க நாலு வீடு தள்ளியிருக்கும் கடைக்குப் போகிறவர், கடை வாசலில் ஏற்கெனவே நிற்கும் காருக்குப் பக்கத்தில் தன் காரை நிறுத்தி, அபாய விளக்கைத் தட்டிவிட்டு இறங்குவார். அந்த விளக்கு சிமிட்டினால் நடுரோடும் சொந்த வாசல்தான். சட்டத்தில் இப்படி எழுதியிருக்கவில்லை, ஆனால் சட்டத்தைவிட அதிகம் பேர் இதை மதிக்கிறார்கள். கடைக்காரரும் பொட்டலத்தைக் கார் ஜன்னலுக்கே கொண்டுவந்து கொடுத்துவிடுவார்.

இந்த மகத்தான தேசத்தில் நான் வகிக்கும் பொறுப்பைச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் விஸ்டின் எபெயர். தேசியச் சாலை விரிவு ஆணையத்தின் ‘நடப்போர் நலப் பிரிவு’க்குத் தலைவன். பிரிவில் என்னோடு ஒரு மேஜையும் ஒரு நாட்காட்டியும் இருக்கின்றன. இப்படி ஒரு பிரிவு இருந்தால்தான் வெளியிலிருந்து நிதி வருமாம், அதனால் பதினொரு வருடமாக இருக்கிறேன். எனக்குக் கார் படி உண்டு.

போன ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை வாசல் காவலர் போன் செய்தார்.

“சார், கேட்ல ஒரு அம்மா நிக்கிறாங்க. உங்களப் பாக்கணுமாம்.”

“உள்ள விடுங்க.”

“விட முடியல சார். வண்டி இல்ல.”

“வண்டி ரிப்பேரா?”

“வண்டியே இல்ல சார். நடந்து வந்திருக்காங்க.”

நான் எழுந்து நின்றுவிட்டேன். என் பிரிவுக்கு வந்த முதல் பயனாளி! ஆனால் எங்கள் வாசல் தடுப்புக்கட்டை நவீனமானது. நம்பர் பிளேட்டைப் படித்தால்தான் தூக்கும். வருகைப் பதிவேட்டிலும் பெயர் எழுதாவிட்டால் பரவாயில்லை, வண்டி எண் கட்டாயம். அந்த அம்மாளுக்கு இரண்டு பக்கமும் எந்த எண்ணும் இல்லை. கட்டைக்குக் கீழே குனிந்து வந்துவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். அதற்குப் பாதுகாப்பு விதிகள் இடம் தருவதில்லை. கடைசியில் தண்ணீர் கேன் கொண்டுவந்த வேனில் அவரை ஏற்றி, பத்தடி ஓட்டி, உள்ளே இறக்கினார்கள்.

வந்தவர் ஹால் துவீப் ஊரைச் சேர்ந்த செட்டினா அம்மாள். அறுபத்தெட்டு வயது. எங்கள் ஊர்த் திருவிழாக் கொடிகள் எல்லாம் அவர் தைத்தவை. நானும் பிறந்தது அந்த ஊர்தான், இப்போது பார்க்கிங் உள்ள அடுக்குமாடியைத் தேடி வேறு இடம் போய்விட்டேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “நீ முயல் வீட்டு ஜூசா மகன்தானே?”

எங்கள் தீவில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பட்டப்பெயர். எங்களுடையது முயல். அரசாங்க முத்திரை போட்ட பெயர்ப்பலகை மேஜையில் இருந்தும் பயனில்லை.

“ஆமாம்மா.”

“அப்பாடா, தெரிஞ்ச பிள்ளையாப் போச்சு. மூணு கடுதாசி எழுதினேன், பதிலே இல்ல. எனக்கு ரோட்டுல நாலு வெள்ளைக் கோடு வேணும். அவ்வளவுதான்.”

எந்த ரோடு என்று நான் கேட்கவில்லை. அது எங்கள் ஆணையத்தின் மணிமகுடம். ஹால் துவீப் ஊரின் நடுவே இரண்டு வழியாக ஓடிய சாலையைப் போன வருடம் ஆறு வழியாக்கினோம். நாற்பது ஆலிவ் மரங்கள் ‘வேறிடத்தில் குடியமர்த்தப்பட்டன’. எந்த இடம் என்று மரங்களுக்குக்கூடச் சொல்லவில்லை. பயண நேரம் நாற்பது வினாடி குறைந்தது. மிச்சமான அந்த நாற்பது வினாடியை அடுத்த ரவுண்டானாவில் எல்லோரும் ஒன்றாகச் சேர்ந்து செலவழிக்கிறார்கள். கோயிலும் செட்டினா அம்மாள் வீடும் சாலைக்கு இந்தப் பக்கம். பேக்கரியும் மருந்தகமும் முதியோர் இல்லமும் அந்தப் பக்கம்.

முதியோர் இல்லத்தில் அவர் கணவர் நேனு இருந்தார். பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. நர்ஸ் ஊட்டினால் வாயை இறுக்கி மூடிக்கொள்வாராம்.

“ரோடு பழையபடி இருந்தப்ப ரெண்டு நிமிஷம்டா. சூப் பாத்திரத்தத் துணியில சுத்திக்கிட்டு ஓடிருவேன். இப்ப ஒரு பஸ் ஏறி தலைநகர் வரைக்கும் போயி, இன்னொரு பஸ் மாறி, அந்தப் பக்கமா வந்து எறங்கணும். ஒரு மணி நேரம். அதுவும் பஸ் வந்தாத்தான். சூப் பச்சத் தண்ணியா ஆயிடுது. ஆறினத அவரு வாயில வெக்க மாட்டாரு. நாப்பத்தாறு வருஷமா சூடா குடுத்துக் கெடுத்து வெச்சது நான்தான்.”

“என்ன சூப்?” என்று கேட்டேன். கோப்புக்காகத்தான்.

“விதவை சூப்புதான். காலிஃபிளவர், பட்டாணி, உருளைக்கிழங்கு, மேல ஒரு முட்டை, ஒரு வட்டம் ஆட்டுப்பால் சீஸ். தட்ட வெக்கும்போதெல்லாம் அவரு கேப்பாரு, ‘நான் உசிரோட இருக்கையிலேயே ஒத்திகை பாக்குறியாடி’ன்னு. இப்ப அந்தக் கிண்டலும் இல்ல. கல்யாண மோதிரம் கழண்டு கழண்டு விழுது. நூல் சுத்தி மாட்டி விட்டிருக்கேன்.”

எனக்கு மனம் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் பொறுப்பில் இருப்பவன் மனத்தை வைத்துக்கொண்டு கோடு போட முடியாது.

“கோடு போட்டா கார் நிக்கணும்மா” என்றேன்.

“நிக்கட்டும்.”

“எங்க நிக்கும்? தீவுலயே நிறுத்த இடம் இல்லையே.”

“ரோட்டுல நிக்கட்டும். நான் தாண்டுற வரைக்கும்.”

“அது ஓடுறதுக்காகப் போட்ட ரோடும்மா. நிக்கிற ரோடுன்னா அதுக்கு வேற பிரிவு இருக்கு. நீங்க ஒண்ணு செய்யலாம். மொதத் தடவை கார் வாங்குறவங்களுக்கு மானியம் உண்டு.”

“எனக்கு ஓட்டத் தெரியாதுடா!”

“அத ஒரு குறையா எடுத்துக்காதீங்க. ஓட்டுறவங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியாது.”

அவர் கைப்பையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். “உங்கம்மாவுக்கு நீ பொறந்தப்ப ஊரே சந்தோஷப்பட்டுச்சு” என்றார். அது பாராட்டு என்றுதான் அப்போது நினைத்தேன்.

விதிப்படி கள ஆய்வுக்கு உத்தரவிட்டேன். நான்கு பொறியாளர்கள், நான்கு கார்கள், ஏனென்றால் நான்கு பேருக்கும் தனித்தனியாகக் கார் படி உண்டு. ஹால் துவீப்பில் வண்டி நிறுத்த இடமில்லாததால் இறங்க முடியவில்லை. எண்பது கிலோமீட்டர் வேகத்தில் நான்கு முறை அந்த இடத்தைக் கடந்தார்கள். ‘நான்கு முறை நேரில் பார்வையிட்டோம். நடப்பவர் எவரும் தென்படவில்லை. கடப்பதற்கான தேவை எழவில்லை’ என்று அறிக்கை வந்தது. அதன் நகலைச் செட்டினா அம்மாளுக்கு அனுப்பிவைத்தேன்.

போன் வந்தது. “நான் அங்கதாண்டா நின்னேன், சூப்போட! கையக் கையக் காட்டினேன். ஒருத்தரு ஹாரன் வேற அடிச்சாரு.”

“மரியாதைக்கு அடிச்சிருப்பாங்கம்மா.”

போனை வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் மாதம் எங்கள் ஊர்க் காவலரான புனித ரோக்குவின் திருவிழா. ரோக்கு யார் என்றால், கையில் கோலோடு, முழங்காலில் புண்ணோடு, ஊர் ஊராக நடந்தே வாழ்ந்து மறைந்தவர். பக்கத்தில் வாயில் ரொட்டியோடு ஒரு நாய். இப்படி ஒருவரைக் காவலராக வைத்திருப்பது தேசியப் போக்குவரத்துக் கொள்கைக்கு முரண்தான். என்ன செய்வது, கொள்கைக்கு முன்பே அவர் வந்துவிட்டார். நானும் திருவிழாவுக்குப் போனேன். ஊருக்கு வெளியே ஒரு வயலில் காரை விட்டேன்.

வெடிச் சத்தத்தில் ஜன்னல்கள் நடுங்க, பாண்டு முழங்க, எட்டு ஆட்கள் தோளில் ரோக்குவின் சொரூபம் ஆடி ஆடிப் பவனி வந்தது. சாலையோரம் வந்ததும் சார்ஜென்ட் சல்வு கையைத் தூக்கினார். ஆறு வழியும் நின்றது! இருபத்தைந்து நிமிடம். ஒரு ஹாரன் இல்லை. கார்க்காரர்கள் இறங்கி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். ஒருவருக்கொருவர் கடலை வாங்கிக் கொடுத்துக்கொண்டார்கள். பக்கத்துக் காரில் யார் இருக்கிறார் என்று அன்றைக்குத்தான் பல பேர் பார்த்தார்கள்.

சொரூபத்து நாய்க்குப் பின்னால் செட்டினா அம்மாள் நடந்துகொண்டிருந்தார். சால்வைக்குள் ஏதோ புடைத்துக்கொண்டிருந்தது. பவனி முதியோர் இல்லத்தைத் தாண்டும்போது அவர் மட்டும் சட்டென்று உள்ளே நழுவினார். திரும்பி வரும்போது கையில் காலிப் பாத்திரம். முகம் முழுக்கச் சிரிப்பு.

“நாக்கச் சுட்டுக்கிட்டாருடா!” என்றார் என்னிடம். “இன்னிக்கு நாக்கச் சுட்டுக்கிட்டாரு!”

பவனி போக வேண்டுமானால் எங்கள் ஊரில் போலீஸ் அனுமதி போதும். நான்கு நாள் கழித்து செட்டினா அம்மாள் காவல் நிலையத்துக்குப் போய் ஒரு விண்ணப்பம் வாங்கினார். நடந்ததைச் சல்வுவே எனக்குச் சொன்னார்.

“எந்தப் புனிதர் பவனி?”

“ரோக்குதான்.”

“திருவிழா முடிஞ்சிருச்சேக்கா?”

“பக்திக்குத் தேதி கேட்டிருக்கா ஃபாரத்துல?”

சல்வு முன்னும் பின்னும் புரட்டினார். கேட்கவில்லை.

“எத்தனை பேரு கலந்துக்குவாங்க?”

“நான்.”

“சொரூபம் எவ்வளவு உயரம்?”

“ஒரு சாண். எங்க வீட்டு அலமாரியில கண்ணாடி மூடிக்குள்ள இருக்காரே, அவரு.”

“தூக்குறது?”

“ஒரு கை. இன்னொரு கையில சூப்.”

“பாண்டு உண்டா?”

“நானே முணுமுணுத்துக்குவேன்.”

“என்னைக்கு?”

“தெனமும், பதினொன்றரைக்கு.”

“ஞாயித்துக்கெழமையுமா?”

“ஞாயித்துக்கெழமை அவருக்குப் பசிக்காதா?”

சல்வு நேர்மையான மனிதர். குறை கண்டுபிடிக்க முடியாத விண்ணப்பத்தில் முத்திரை குத்திவிடுவார். மறுநாள் பதினொன்றரைக்கு ஆறு வழிச் சாலை நின்றது. இடது கையில் ஒரு சாண் ரோக்கு, வலது கையில் பாத்திரம், வாயில் பாட்டு என்று செட்டினா அம்மாள் தேசத்தின் மணிமகுடத்தை ஒன்றரை நிமிடத்தில் கடந்து போனார். லாரி ஓட்டி வந்தவர் தொப்பியைக் கழற்றினாராம்.

மூன்றாம் நாள் ரொட்டி வாங்க வேண்டிய இருவர் பக்தியோடு சேர்ந்துகொண்டார்கள். ஐந்தாம் நாள், வீங்கிய கன்னத்தோடு பல் பிடுங்கப் போகும் ஒருவர். இரண்டாம் வாரம் தள்ளுவண்டியில் குழந்தையோடு ஒரு பெண். பங்குச் சாமியார் பூரித்துப் போனார். இத்தனை பேரைக் கோயிலில்கூட அவர் பார்த்ததில்லை. எதிரே புனித கத்தரீனா பாண்டு சங்கம் இருக்கிறது, எங்கள் ரோக்கு சங்கத்தின் பரம்பரை எதிரி. ‘ரோக்கு தெனமும் ஊர்வலம் போவாராம், எங்க கத்தரீனா மட்டும் வருஷத்துக்கு ஒரு தடவையாக்கும்!’ என்று அவர்களும் விண்ணப்பம் போட்டார்கள். ரோக்குவோடு உரசக் கூடாதென்று அவர்கள் பவனி எதிர்ப் பக்கத்திலிருந்து பன்னிரண்டே காலுக்குப் புறப்பட்டது. ரோக்குவோடு போனவர்கள் எல்லோரும் சங்க வேறுபாடு பாராமல் கத்தரீனாவோடு திரும்பினார்கள். நூறு வருடப் பகை இப்படி ஒரே மாதத்தில் ஊருக்கு உபயோகமாகிவிட்டது.

நேனுவின் மோதிரத்திலிருந்து நூலை எடுத்துவிட்டதாகச் செட்டினா அம்மாள் போன் செய்து சொன்னார். “நேத்து கேட்டாருடா, ‘ஒத்திகை பாக்குறியாடி’ன்னு” என்றார்.

நடப்போர் நலப் பிரிவின் தலைவன் என்ற முறையில் எனக்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டும். பெருமைப்பட நேரமில்லை. ஏனென்றால் நெரிசல் அதற்குள் விமான நிலையம் வரை போயிருந்தது. செப்டம்பர் கடைசியில் அமைச்சர் அவசரக் கூட்டம் போட்டார். பத்து மணிக் கூட்டம். பார்க்கிங் கிடைத்து எல்லோரும் வந்து சேரப் பதினொன்றாகிவிட்டது. அமைச்சர் பன்னிரண்டரைக்கு வந்தார். வரும் வழியில் அவர் ரோக்குவிடம் ஒரு முறையும் கத்தரீனாவிடம் ஒரு முறையும் மாட்டிக்கொண்டிருக்கிறார்.

“தடை பண்ணிரலாம் சார்” என்றார் ஒரு பொறியாளர்.

அமைச்சர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். “ஏப்ரல்ல எலெக்ஷன். புனிதர நடுரோட்டுல மறிச்சவன்னு பேரெடுத்துக்கிட்டு நான் ஓட்டுக் கேக்கப் போகட்டுமா? நீ வந்து கேக்கிறியா?”

“சார்,” என்றேன் நான். எந்தச் சாத்தான் என் நாக்கில் உட்கார்ந்ததோ தெரியவில்லை. “நாலு வெள்ளைக் கோடு போட்டு ஒரு சிக்னல் வெச்சிட்டா, அந்தம்மா அவங்கபாட்டுக்குப் போயிருவாங்க.”

அமைச்சர் பேனாவைக் கீழே வைத்தார்.

“கோடு போட்டா?” என்றார் அமைச்சர்.

“கார் நிக்கும் சார்.”

“நடந்து போறவங்களுக்காக?”

“ஆமா சார்.”

“வெறும் ஆளுங்களுக்காகவா?” அமைச்சர் குரலைத் தாழ்த்தினார். “விஸ்டின், நீங்க எத்தன வருஷமா இந்தப் பதவில இருக்கீங்க?”

பதவி என்ற சொல்லை அவர் உச்சரித்த விதத்தில் என் கார் படி கண் முன்னால் வந்து நின்றது. மனித மூளை ஆபத்தில்தான் நன்றாக வேலை செய்யும் என்பார்கள். அடுத்த கணமே எனக்கு அந்த யோசனை உதித்தது.

“வேண்டாம் சார், விட்டுத்தள்ளுங்க. புனிதருக்கே ஒரு வண்டி குடுத்துருவோம்.”

அமைச்சர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். வண்டியில் போகும் புனிதர் வாகனம். வாகனம் குறுக்கே கடக்காது, நேராகப் போய் ரவுண்டானாவில் திரும்பி வரும். எதையும் நிறுத்த வேண்டியதில்லை. ‘புனிதர் வாகனத் திட்டம்’ என்று அங்கேயே பெயர் வைத்தோம்.

ஊரில் சொரூபத்தைத் தோளில் தூக்குவதை உயிராக நினைப்பவர்கள் இதற்கு ஒப்புவார்களா என்று பொறியாளர்களுக்குச் சந்தேகம். எனக்கு இல்லை. நான் அந்த ஊர்க்காரன் அல்லவா? ரோக்கு சங்கக் கட்டடத்துக்குப் போய்த் தலைவர் லெலியிடம் படத்தைக் காட்டினேன். நல்ல மனிதர், பத்துத் தலைமுறை ரோக்கு பக்தர். கையில் இருந்த கண்ணாடிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் படத்தை விரட்டி அடிக்கிற மாதிரி பார்த்தார்.

“ரோக்குவ சக்கரத்துல ஏத்துறதா? எங்க தாத்தா தோள்ல காப்புக் காய்ச்சிருந்துச்சுய்யா!”

“சரிங்க, உங்க இஷ்டம். கத்தரீனா சங்கத்துல கையெழுத்துப் போட்டுட்டாங்க.”

இது அப்போது உண்மையில்லை. ஒரு மணி நேரம் கழித்து உண்மையாகிவிட்டது.

லெலியின் மீசை துடித்தது. “அவங்களுக்கு என்ன வண்டி?”

“உங்களுதவிட ஒரு அடி சின்னது.”

“எங்க போடணும் கையெழுத்து?”

பின் வரிசையில் உட்கார்ந்து கொடிக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்த செட்டினா அம்மாள் ஊசியோடு எழுந்தார். “லெலி, கொஞ்சம் யோசிடா. வண்டில போனா ரோடு நிக்காது. ரோடு நிக்கலன்னா யாரு தாண்டுறது?”

“செட்டினாக்கா, மேல கண்ணாடிக் கூண்டு! உள்ள பன்னெண்டு லைட்டு! கத்தரீனாவுக்கு எட்டுதான்!”

“எத்தன லைட்டு எரிஞ்சாலும் சூப் சூடாகாதுடா.”

யாரும் காதில் வாங்கவில்லை. சங்கத்தில் அதற்குள் கைதட்டல். வண்டிக்கு என்ன நிறம் என்பதில் தகராறு ஆரம்பித்திருந்தது. அடுத்த வாரமே அரசாணை வந்தது: நான்கு வழிக்கு மேற்பட்ட சாலைகளில் புனிதர்கள் வாகனத்தில் மட்டுமே செல்லலாம். ஒரு சாண் புனிதருக்கும் விலக்கு இல்லை.

தொடக்க விழாவில் அமைச்சர் ரிப்பன் வெட்டினார். செட்டினா அம்மாளுக்கு அரசு மரியாதையாக ஓட்டுநர் பக்கத்து இருக்கை. மடியில் சூப். வண்டி புறப்பட்டு நான்கு கிலோமீட்டர் தள்ளி ரவுண்டானாவில் திரும்ப முப்பத்தைந்து நிமிடம் ஆயிற்று. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, மற்ற வண்டிகளுக்கும் அதே முப்பத்தைந்து நிமிடம்தான். எதிர்ப் பக்கமாக முதியோர் இல்லத்தை நெருங்கியது. மாடி வராந்தாவில் நேனு சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பதினொன்றரைக்கே கழுத்தில் துண்டு கட்டி உட்கார வைத்துவிட்டார்களாம்.

“நிறுத்துப்பா, எறங்கிக்கிறேன்” என்றார் செட்டினா அம்மாள்.

“இங்க நிறுத்தக் கூடாதும்மா. போர்டு வெச்சிருக்கு பாருங்க.”

அந்தப் பலகை எங்கள் ஆணையம் வைத்ததுதான். வண்டி ஐம்பது வேகத்தில் இல்லத்தைத் தாண்டியது. பின்னிருக்கையில் இருந்த நான் பார்த்தேன். கீழே புனிதரும் மனைவியும் பாத்திரமும் ஒன்றாகப் போவதைக் கண்டு நேனு வாயைத் திறந்தார். நாங்கள் ரவுண்டானாவை அடையும் வரை அவர் மூடியிருக்க மாட்டார் என்று தோன்றியது. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

அடுத்த திங்கட்கிழமை மதியம் நான் ஹால் துவீப் வழியாக வீட்டுக்குச் சாப்பிடப் போகும்போது செட்டினா அம்மாள் தன் வாசலில் நின்று கையைக் காட்டினார். அபாய விளக்கைப் போட்டு நிறுத்தினேன். பின்னால் பன்னிரண்டு கார்கள் பொறுமையாக நின்றன. ஜன்னல் வழியாகப் பாத்திரத்தை என் மடியில் வைத்தார்.

“நீ அந்தப் பக்கமாத்தானே போற? கார் இருக்கு. குடுத்துட்டுப் போடா. ஆறுறதுக்குள்ள நீயே ஊட்டு. வேற யாரு ஊட்டினாலும் முழுங்க மாட்டாரு, நீன்னா முழுங்குவாரு. சின்னப் பிள்ளைல உன்னத் தோள்ல வெச்சுத்தான் வாணவேடிக்கை காட்டுவாரு. ஞாபகம் இருக்கா?”

ஞாபகம் இருந்தது. மறுக்க முடியவில்லை. துண்டு சுற்றிய பாத்திரம் மடியில் கதகதவென்று இருந்தது.

இல்லத்துக்குப் பின்புறத் தெருக்களில் பார்க்கிங் தேடி ஒன்பது சுற்றுச் சுற்றினேன். காலியாக இருந்த ஒவ்வொரு இடத்திலும் யாரோ ஒருவருடைய சமையலறை நாற்காலி இடம் பிடித்து நின்றது. ஓரிடத்தில் துணி ஊறப்போடும் வாளி. எங்கள் நாட்டில் அதை நகர்த்துவது கொலைக்குச் சமம், நகர்த்தவில்லை. பத்தாவது சுற்றில் ஒரு இடம் கிடைத்தது. இல்லத்திலிருந்து நானூறு மீட்டர் தள்ளி.

நானூறு மீட்டர்! இறங்கினால் நடக்க வேண்டும். மதிய வெயில். நடைபாதை வேறு இல்லை, அதைப் போன வருடம் சாலையில் சேர்த்தது நாங்கள்தான். கார்கள் உரசிக்கொண்டு போகும். ஒரு பிரிவுத் தலைவர் பாத்திரமும் கையுமாக ஓரமாக ஒட்டி ஒட்டிப் போவதை யாராவது பார்த்தால் ஆணையத்தின் மதிப்பு என்ன ஆவது? காருக்குள் குளுகுளுவென்று இருந்தது. காலிஃபிளவர் வாசனை வந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. கொஞ்ச நேரம் போனதும் பசித்தது. சூப் வீணாகிவிடக் கூடாதே என்று மூடியைத் திறந்தேன்.

செட்டினா அம்மாள் அவர்மேல் வைத்திருக்கும் பிரியத்தை அன்றுதான் ருசித்துப் பார்த்தேன். உப்பு அவ்வளவு கச்சிதம்.

சாயங்காலம் காலிப் பாத்திரத்தைக் கொடுத்தபோது அவர் மூடியைத் திறந்து பார்த்தார். “ஒரு சொட்டு மிச்சம் வெக்கலையா!”

“ஒரு சொட்டு இல்லம்மா.”

“மகராசனா இருடா” என்று என் கன்னத்தைத் தொட்டு முத்தமிட்டுக்கொண்டார். “நாளைக்கு இன்னொரு முட்டை சேத்துப் போடுறேன்.”

அன்றிலிருந்து தினமும் இந்த ஏற்பாடு தடங்கலின்றி நடந்துவருகிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவர் இரண்டு பஸ் மாறிப் போய்ப் பார்க்கிறார். வாரமெல்லாம் சாப்பிடுகிறவர் ஏன் இப்படித் துரும்பாகிறார், ஏன் பேச்சே வருவதில்லை என்று என்னைத்தான் கேட்கிறார். வயசும்மா என்கிறேன். பிரிவின் ஆண்டறிக்கையை நேற்று முடித்தேன். ஹால் துவீப் சாலையைக் கடக்கும்போது இந்த ஆண்டு எவருக்கும் காயமில்லை, ஏனென்றால் எவரும் கடக்கவில்லை. அக்டோபரிலிருந்து நேனு ஆறு கிலோ இளைத்திருக்கிறார். நான் ஏழு கிலோ ஏறியிருக்கிறேன். மொத்தத்தில் நாடு ஒரு கிலோ முன்னேறியிருக்கிறது.